காலண்டர் இடம் மாறிய நாள்

வெளியே போய் வந்தால் வண்டியை ஹாலுக்குள் ஏற்றி நிறுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். என் கணவரின் பைக்கும் மகளின் ஸ்கூட்டரும் சோபாவுக்கு எதிரே நிற்கும். என்ஜினை அணைத்துத் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். இது அவர் போட்ட சட்டம். ஸ்கூட்டர் வாங்கிய அன்றே, "இதுல தப்புப் பண்ணுனா சாவி எங்கிட்ட வந்துரும் அம்மணி, அப்புறம் டவுன் பஸ்ஸுதான்" என்று சொல்லிவிட்டார்.

போன மாதம் அவர் கோபிசெட்டிபாளையத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மத்தியானம் வகுப்பு முடிந்து வந்த மகள், என்ஜினை அணைக்காமலே ஏற்றினாள். ஆக்ஸிலேட்டர் முறுக்கிக்கொண்டது. வண்டி பாய்ந்து எதிர்ச்சுவரில் முட்டி நின்றது. அந்தச் சுவரோரம் உட்கார்ந்துதான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் இருப்பது நினைவு வந்து அப்போதுதான் எழுந்து போயிருந்தேன். வெங்காயம் ஹால் முழுக்க உருண்டது.

அவளுக்கும் ஒன்றுமில்லை, வண்டிக்கும் ஒன்றுமில்லை. நான்தான் இன்றைக்கும் தெருவில் யாராவது வண்டியைக் கிளப்பினால் சுவரோரத்தை விட்டு எழுந்துவிடுகிறேன்.

"அம்மா, அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. காந்திபுரத்துல பஸ் மாறிப் போறதுக்குள்ள கிளாஸே முடிஞ்சிரும்."

நானே சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும். ஆனால் லாஃப்டில் ஏறிப் பழைய பெயிண்ட் டப்பாவைத்தான் இறக்கினேன்.

சுவரில் டயர் தடம், நடுவில் காரை பெயர்ந்த பள்ளம். பள்ளத்தைப் பட்டி வைத்து அடைத்து, டேபிள் ஃபேன் போட்டுக் காயவிட்டு, சந்தன நிறத்தைப் பூசினோம். சுவருக்கு முன்பு அடித்த அதே டப்பாதான், சுவர்தான் ஊதுபத்திப் புகையில் மங்கிப்போயிருந்தது. பூசிய இடம் புதுமாப்பிள்ளை சட்டை போல மின்னியது. ஓரத்தை மறைக்க ஓரத்தில் பூசினோம். அது இன்னும் பெரிதானது.

"போதும் கண்ணு, இப்படியே போனா கேட்டு வரைக்கும் பூசோணும்."

அப்போது அவர் பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. மகள் தினசரிக் காலண்டரைப் பார்த்தாள். கதவோரம் அவர் மாட்டியது. தாள் கிழிப்பது, நல்ல நேரம் பார்ப்பது எல்லாம் அவர்தான். சமையலறைக்கு மாற்றலாம் என்று நான் கேட்டபோதெல்லாம் கூடாது என்றவர்.

கழற்றினோம். பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புடைப்பு. யாரோ பட்டி வைத்துக் கன்னாபின்னாவென்று பூசியிருந்தார்கள். எங்கள் வேலை அதைவிட எவ்வளவோ தேவலை.

"இதாரும்மா பூசுனது?"

"நானில்லடி."

ஈரம் காயுமுன்பே எங்கள் பூச்சின்மேல் காலண்டரைத் தொங்கவிட்டோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வந்தார். தாம்பூலப் பையை வைத்த கையோடு தாள் கிழிக்கப் போனார். காலண்டர் இல்லை. சட்டென்று உள்ளங்கையால் அந்தப் புடைப்பை மூடிக்கொண்டார்.

"காலண்டர யாரு எடுத்தது?" குரல் இறங்கியிருந்தது.

"ஏனுங்க, கைக்கு அடியில என்னங்க?"

அவர் எதிர்ச்சுவருக்குப் போய்க் காலண்டரைத் தூக்கினார். ஒட்டிக்கொண்டிருந்த பெயிண்டும் பட்டியும் அதோடு உரிந்து வந்தன. கீழே கறுப்பாக டயர் தடம். மகள் என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள். அவர் தடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்ஜின அணைக்கலையா?"

"நீங்க அணைச்சீங்களாப்பா?"

அவர் காலண்டரின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டினார்.

"நீ அம்மா ஊட்டுக்குப் போயிருந்தப்ப. பைக் ஹேண்டில் லேசா இடிச்சுப்போட்டுது" என்றார் என்னிடம். "பையில தேங்கா இருக்குது, எடுத்து வை."

சாவியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

நான் பேசினேன். இப்போது வாசலில் என்ஜினை அணைத்துச் சாவியை என் கையில் கொடுத்த பிறகுதான் வண்டியை உள்ளே தள்ள விடுகிறேன். இரண்டு பேரையும்தான். வெங்காயத்தைச் சமையலறையிலேயே உரிக்கிறேன்.