சாமைக்காட்டில் எவ்வளவு ஆழம்

கொல்லிமலையில் என் போனுக்கு சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றுதான், பஸ் நிற்கும் மேடு. அதனால் என் பேராசிரியரோடு நான் போட்ட சண்டையை ஊரே கேட்டது.

சாமை இலைக்குள் இருக்கும் மரபணு இழையில் ஒரு புரதக் குறி எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. குறி இருக்கும் துண்டுகளை மட்டும் பிடித்திழுத்துப் படிக்க வேண்டும். எவ்வளவு துண்டு படிக்கிறோமோ அதுதான் ஆழம். ஓரிடத்தில் கும்பலாக உட்காரும் குறிக்குக் கொஞ்சம் படித்தாலே போதும். என்னுடையதோ தூறல் மாதிரி எங்கும் பரவிக் கிடக்கிற ரகம். பேராசிரியர் இதற்கும் அதே ஆழம் போதும் என்றார். வந்தது வெறும் இரைச்சல். பழைய சாம்பிளை மறுபடி படித்தால் அதே துண்டுகள்தான் திரும்ப வரும். புது இலை வேண்டும். இந்த வெள்ளாமையை விட்டால் என் ஆராய்ச்சிக் காலமே முடிந்துவிடும்.

"இந்த ஆழம் பத்தாது சார். இன்னும் ஆழமாப் போனாத்தான் ஏதாவது வரும்" என்று கத்தினேன். கோபம் வந்தால் என் குரலுக்கு பிரேக் கிடையாது. ஒருவழியாகச் சம்மதித்தார்.

சாமைக்காட்டுக்குப் போனேன். கதிர் வாங்கும் நேரத்தில் இலையைத் தொடாதே என்று முந்தின நாள் விரட்டிய காட்டுக்காரம்மா, இன்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வா கண்ணு. போர் போடுற லாரி அடிவாரத்துல காரவள்ளி தாண்டிருச்சா?"

பஸ் மேட்டில் நான் கத்தியதைக் கேட்டு, கிணறு தோண்டுவது பற்றி என்று நினைத்துவிட்டார். கிழக்கு மூலையில் ஒரு குச்சி வேறு நட்டு வைத்திருந்தார். அங்கேதான் தண்ணீர் என்று அவருக்கு நிச்சயம். தலையாட்டிவிட்டு, இலையை வெட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. மனசு கேட்கவில்லை, ஆழம் இலைக்குத்தான், நிலத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப அத்தன ஆழம் போயும் தண்ணி வராதா?"

"வராதுங்க."

"பொறவு எதுக்கு கண்ணு போறீங்க?"

எந்தத் தேர்விலும் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை. ஏதோ உளறினேன். இலை போனால் படிப்பே போச்சு என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அவர் குச்சி நட்ட மூலையைக் கைகாட்டினார். "சரி, வெட்டறதுன்னா அந்த மூலையில வெட்டு. அங்கதான் இருக்குது" என்றார். என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

இந்த முறை இலையும் போதுமானதாக இருந்தது, ஆழமும் போதுமானதாக இருந்தது. பரவிக் கிடந்த குறிகள் ஆய்வகத் திரையில் தெளிவாகத் தெரிந்தன. சந்தோஷம் தாங்கவில்லை. காட்டுக்காரம்மாவுக்குப் பலமுறை அடித்த பிறகு, பஸ் மேட்டில் நின்றபடி போனை எடுத்தார்.

"வந்திருச்சுங்கம்மா" என்றேன்.

"வராம?" என்றார், ஊருக்கே கேட்கும்படி. "குச்சி நட்டது யாரு?"