கருப்பாக இருந்தால் நல்ல செய்தி

ஃபின்லாந்துக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. இங்கே நம் உடம்பைப் பற்றிய செய்தி முதலில் நமக்கே வந்துவிடுகிறது. ஸ்கேன் எடுத்த சில நாட்களில் கைபேசி ஒருமுறை அதிரும். திறந்தால் நம் வயிற்றின் நிலவரம் முழுவதும் ஃபின்னிஷ் மொழியில் கிடக்கும். டாக்டர் அதைப் பற்றிப் பேச இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் கூப்பிடுவார். அதுவரை நாமே படித்து நாமே பயந்துகொள்ள வேண்டியதுதான். தாம்பரத்தில் என் அம்மாவின் ரிப்போர்ட் முதலில் அண்ணனுக்குப் போனது, அண்ணனிடமிருந்து அண்ணிக்கு, அண்ணியிடமிருந்து எதிர் வீட்டுக்கு. கடைசியாகத் தெரிந்துகொண்டவர் அம்மாதான்.

அப்படித்தான் ஒரு மார்ச் மாதக் காலையில், துர்க்கு நகரத்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி என் கர்ப்பப்பையைப் பற்றிப் படித்தேன். ரிப்போர்ட்டில் ஒரு வரி கண்ணில் பட்டது. 'எய் தெஹொஸ்து.' 'எய்' என்றால் இல்லை. 'தெஹொகஸ்' என்றால் பலன் தருவது என்று துணிசோப்பு விளம்பரத்திலிருந்தே எனக்குத் தெரியும். சந்தேகத்துக்கு மொழிபெயர்ப்புச் செயலியிலும் போட்டுப் பார்த்தேன். 'டஸ் நாட் என்ஹான்ஸ்' என்றது ஆங்கிலத்தில். சிகிச்சை செய்த இடத்தில் முன்னேற்றம் இல்லை. அதற்கு மேல் ஒரு எழுத்துகூட நான் படிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் என் கண்ணீரைப் பார்த்துவிட்டு மரியாதையாக இன்னும் ஓரடி தள்ளி நின்றார். இந்த ஊரில் ஆறுதல் சொல்வது அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஓரடி அன்று ரொம்பத் தூரமாக இருந்தது.

இரண்டு வருடமாக ஃபைப்ராய்ட் கட்டி என்னைப் படுத்தி எடுத்தது. மாதத்தில் பத்து நாள் ரத்தப்போக்கு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். போனில் ஸ்டெல்லா அண்ணியிடம் சொன்னபோது அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அண்ணி பள்ளிக்கூட டீச்சர். விடையைத் தெரிந்துகொண்டுதான் கேள்வியையே கேட்பார்.

"கர்ப்பப்பையவே எடுத்துடு ஷீலா. எங்க பிரேயர் குரூப்ல பாதிப் பேர் எடுத்தாச்சு. பொண்ணுக்குப் பன்னெண்டு வயசாகுது, இனிமே அது எதுக்கு உனக்கு?"

எனக்கு இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. ஆனாலும் அது என்னுடையது, இருக்கட்டுமே என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். துர்க்குவில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஹலுஆத்கோ பிதா?" என்று கேட்டபோது முதலில் எனக்குப் புரியவில்லை. எதையோ பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்து மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வைத்துக்கொள்ள விருப்பமா என்று கேட்டிருக்கிறார். கர்ப்பப்பையை. அதற்கு முன் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. மேசையை விடாமலே தலையாட்டினேன்.

அவர்கள் செய்தது அல்ட்ராசவுண்ட் சிகிச்சை. கத்தி இல்லை, தையல் இல்லை. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் குப்புறப் படுக்க வைத்து, வெளியிலிருந்தே ஒலியைக் கட்டியின் மேல் குவித்துச் சுடுகிறார்கள். பள்ளியில் லென்ஸ் வைத்து வெயிலில் காகிதத்தைப் பொசுக்கினோமே, அதே வேலை. வலித்தால் அமுக்க கையில் ஒரு பொத்தான் கொடுத்திருந்தார்கள். மூன்று மணி நேரம் அதை அமுக்காமல் கிடந்தேன், அமுக்கினால் ஒருவேளை மனம் மாறிவிடுவார்களோ என்று. முடிந்ததும் நர்ஸ், "நன்றாகப் போனது" என்றார். தொல்லை குறைய மாதக்கணக்காகும் என்றும் சொன்னார். அதன் பிறகு வந்ததுதான் அந்த ரிப்போர்ட்.

டாக்டரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் ஃபின்னிஷ் மொழியில் போன் பேசுவதைவிட ஒரு நாள் முழுக்கப் பறப்பது எனக்குச் சுலபம். கணவரையும் மகளையும் துர்க்குவிலேயே விட்டுவிட்டு தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கினேன். அதற்குள் அண்ணி சர்ஜனிடம் கர்ப்பப்பையை எடுக்க வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கி வைத்திருந்தார். ஆபரேஷனுக்கு முன் புதிதாக ஒரு ஸ்கேன் வேண்டும் என்று சர்ஜன் சொல்ல, புதன்கிழமை காலை இருவரும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம்.

ஸ்கேன் என்ற சொல்லுக்குத் தாம்பரத்தில் ஒரே அர்த்தம்தான் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். சுவரில், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற அறிவிப்புப் பலகை. அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த ஆயா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா கண்ணு, எத்தினி மாசம்?"

"மாசம் இல்லக்கா. கட்டி."

"அட, அதுக்கா இப்புடி மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? நானும்தான் எடுத்தேன். பாரு, கல்லு மாதிரி கீறேன்."

பக்கத்து நாற்காலிப் பெண்ணும் எடுத்திருந்தார். அவருடன் வந்த மாமியாரும் எடுத்திருந்தார். பத்து நிமிடத்தில் ஒரு சின்ன மாநாடே கூடிவிட்டது. எனக்கு எத்தனை நாள் ஓய்வு, எந்தச் சூப் நல்லது என்பதெல்லாம் தீர்மானமாயின. துர்க்குவில் ஓரடி தள்ளி நின்றார்கள் என்று அழுதவள், இங்கே கால் நீட்ட இடமில்லாமல் திணறினேன். யாராவது 'ஹலுஆத்கோ' என்று கேட்கமாட்டார்களா என்றிருந்தது.

கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றிப் படம் எடுத்து முடித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, படம் பார்த்துச் சொல்லும் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். இளவயதுப் பெண். திரையில் என் வயிறு சாம்பல் நிறத்தில் இருந்தது. நடுவே குண்டாக, கன்னங்கரேலென்று ஒரு வட்டம்.

அண்ணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என்ன டாக்டர், இவ்ளோ கருப்பா இருக்கு?"

"ஆமா மேடம். சூப்பரா பண்ணியிருக்காங்க. எங்க பண்ணீங்க இத?"

நான் கைபேசியை எடுத்து அந்த வரியையும் அதன் மொழிபெயர்ப்பையும் காட்டினேன். ஃபெயில் என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவர் ஆங்கிலத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"டஸ் நாட் என்ஹான்ஸ்னா இம்ப்ரூவ்மென்ட் இல்லைன்னு நெனச்சீங்களா? ஊசி போட்டோம்ல, அந்த மருந்து ரத்தம் ஓடற எடத்துல ஏறி வெள்ளையாத் தெரியும். இங்க ஏறவே இல்ல. ரத்தமே போகல. கட்டி செத்துடுச்சு. இனிமே கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிடும். எங்க பாஷையில இதவிட நல்ல நியூஸ் கெடையாதுங்க."

"அப்போ வெள்ளிக்கிழமை ஆபரேஷன்?" என்றார் அண்ணி.

"சர்ஜன்கிட்ட படத்தக் காட்டுங்க. ஆனா என்னக் கேட்டா, எதுக்கு ஆபரேஷன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை, நாற்காலியோடு சேர்ந்து குலுங்கும் சிரிப்பு. எனக்கு மாப்பிள்ளை தேடிய காலத்தில் அண்ணிதான் வரன் குறிப்பில் தன் கையால் என்னை 'மாநிறம்' என்று எழுதி, அதையும் நம்பாமல் போட்டோவை ஸ்டூடியோவில் வெளுக்க வைத்தவர். எங்கள் குடும்பத்தில் கருப்புக்கு யாரும் கைதட்டியதில்லை. இப்போது அவர் திரையருகே குனிந்து, "இந்த ஓரத்துல மட்டும் கொஞ்சம் வெளுப்பா இருக்கே, பரவாயில்லையா?" என்று கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து ஆயாவைக் கட்டிக்கொண்டேன். ஒரு துணிசோப்பு விளம்பரத்தை நம்பி எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறேன் என்று நினைக்க நினைக்கச் சிரித்து வயிறே வலித்தது. இது நல்ல வலி.

சர்ஜனும் படத்தைப் பார்த்துவிட்டு, காத்திருந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி முதல் வேலையாகப் பிரேயர் குரூப் தலைவிக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை எனக்காக அவர்கள் உபவாசம் இருப்பதாக ஏற்பாடு. "உபவாசம் வேணாம் சிஸ்டர். நாங்க எடுக்கல. வெச்சுக்கறோம்" என்றார். அந்த 'வெச்சுக்கறோம்' என்ற சொல்லில் அண்ணியும் என்னோடு சேர்ந்துகொண்டார். இத்தனை நாள் எதற்கு என்று கேட்ட அதே அண்ணி. அப்போதுதான் நான் அழுதேன்.

மறுநாள் மதியம் துர்க்குவிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். டாக்டரின் போன் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கிறார்கள், இப்போது பேச வசதியா என்று விசாரித்தார். "கொதோனாவா இருக்கிறீர்கள்?" கொதோனா என்றால் வீட்டில்.

"ஆமாம், வீட்டில்தான்" என்றேன். முடிச்சூரில், அண்ணன் வீட்டு வாசலில், பங்குனி வெயிலில் நின்றுகொண்டு. பொய் சொல்லவில்லை.

டாக்டர் போனில் வந்து எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு ஏற்கெனவே தெரிந்ததை முதல்முறை கேட்பதுபோல முழுதாகக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். போனை வைப்பதற்கு முன் நர்ஸ் மறுபடி வந்தார். நேற்றுப் பகலில் உருகிய பனி ராத்திரியில் உறைந்து கிடக்கிறதாம். வெளியே போனால் பார்த்துப் போங்கள், வழுக்குகிறது என்றார்.

"சரி, பார்த்துப் போகிறேன்" என்றேன்.

கேட்டில் கறிவேப்பிலைக்காரர் குரல் கொடுத்தார். அண்ணி என்னைப் போய் வாங்கச் சொன்னார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் சுடும் மூன்று படிகளில் ஒவ்வொன்றாக, பாதத்தை முழுசாக ஊன்றி இறங்கினேன்.

"ஏன் இப்படி நடக்கற? வலிக்குதா?" என்றார் அண்ணி உள்ளேயிருந்து.

"இல்ல அண்ணி. வெளிய வழுக்குதாம்."