பெட்டிக்குள் பெய்த மழை

தாராவியில் இருந்தவரை, மழைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் தவறாமல் செய்த வேலை ஒன்று உண்டு. தகரக் கூரைமேல் ஏறி நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார். இங்கே அதற்குத் தாட்பத்ரி என்று பெயர். ஒரு பொட்டு ஒழுகாது; அதில் அவருக்குப் பெருமை. செம்பூரில் மகனோடு குடிவந்த பிறகு ஒழுகுவதற்குக் கூரை இல்லை. கை சும்மா இருக்குமா? என் தேனீப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

தேனீயை நான் தேடிப் போகவில்லை. பால்கனியில் கிடந்த பழைய கூலருக்குள் அதுவாக வந்து கூடு கட்டியது. மருமகள் மருந்தடிக்கச் சொன்னாள், நான் விடவில்லை. தேவ்நாரிலிருந்து கூடு எடுக்கிற தமிழ்க்காரர் ஒருவர் வந்து, தேனடைகளை மரச்சட்டத்தில் கட்டிப் பெட்டியில் வைத்து, மொட்டை மாடியில் இறக்கிவிட்டுப் போனார்.

"மழைக்காலந்தான் பாட்டி இதுகளுக்குக் கஷ்டம். பூ கெடையாது, வெளிய போவவும் முடியாது. உள்ள ஈரம் தங்கிச்சுன்னா மொத்தமாக் கெளம்பிப் போயிரும்" என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காலையில் காபியோடு மாடியேறி அவை போய்வருவதைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். லிஃப்ட் மாடிவரை வராது. முட்டிவலியோடு ஏறுவேன்.

முதல் மழைக்கே இவர் பெட்டியைத் தாட்பத்ரியால் பொட்டலமாகச் சுற்றிக் கயிறு போட்டார். தேனீ போய்வர ஒரு ஓட்டை மட்டும் விட்டிருந்தார். நானும் நல்லதுதானே என்று நினைத்தேன். வெயிலையே காணாத ஒரு நாளில் பெட்டியைத் திறந்தால் புளித்த வாடை. இட்லிச் சட்டி மூடியைத் திருப்பியதுபோல, மூடியின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். அது சொட்டி அடிப்பலகை வழவழவென்று கிடந்தது. ஓரத்து அடையில் சாம்பல் நிறத்தில் பூசணம்.

"ஒழுவுதா?" என்று கேட்டார்.

"ஒழுவல. உள்ளயே வேர்க்குது. அதுக விடுத மூச்சு போவ வழியில்ல. அவுத்து எறிங்க."

"ஏட்டி, மழ மேல இருந்துதான வரும்? பெட்டிக்குள்ள இருந்தா வரும்?"

"தாராவில அத்தன பேரும் கதவ அடச்சிட்டுப் படுப்போமே, காலையில செவுரு நனஞ்சி கெடக்கலயா?"

"அது பக்கத்து வீட்டுக் கொழாத் தண்ணி."

அந்தக் குழாய்க்காக அவர் போட்ட சண்டைகள் தனிக் கதை. அதை விடுங்கள்.

நான் அவிழ்ப்பேன், மழை இரைந்ததும் அவர் போய்க் கட்டுவார். பூசணம் பிடித்த அடையை அறுத்து எறிந்தேன். பலகையைச் சுரண்டித் துடைத்தேன். தண்ணீர் வாசல் வழியாக வடியட்டும் என்று பின்பக்கம் செங்கல் துண்டு வைத்துச் சாய்த்தேன். இட்லித் துணிபோல மூடிக்கடியில் பழைய வேட்டியைக் கிழித்து விரித்தேன். மறுநாள் அது பிழிகிற ஈரம். மழைக்காலத்தில் உள்பாவாடையே ஃபேனுக்கடியில் காயாமல் தொங்கும்போது இதை எங்கே காயப்போட? இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து உலர்த்தினேன்.

"அத்தே, பிள்ள பெத்த வீட்டுலகூட இத்தன துணி மாத்த மாட்டாங்க. கரண்ட் பில்ல தேனீயா கட்டும்?" என்றாள் மருமகள்.

மகன் போனில் ஒரு வீடியோ காட்டினான். எனக்கு எழுத்தும் தெரியாது, அந்த இங்கிலீஷும் புரியாது. சுற்றிலும் பனி, நடுவே பெட்டி. ஒரு வெள்ளைக்காரர் மூடியைத் திருப்பிக் காட்டினார். அங்கேயும் அதே முத்துத் தண்ணீர்! எனக்கு வந்த குஷியில் போனே கைதவறிப் போனது. குளிர்காலத்தில் அந்த வெள்ளைக்காரர் பெட்டிக்குமேல், அடியில் பலகைக்குப் பதில் சாக்கு அடித்த ஒரு மரத்தட்டை வைத்து, மரச்சீவலை நிரப்பினார். தட்டின் பக்கங்களில் காற்றுத் துளை. தச்சுப் பட்டறையில் சீவல் வாங்கிவந்து நானும் அப்படியே செய்தேன். ஈரம் சீவலுக்கு ஏறியது. மூடியில் சொட்டு இல்லை.

அடுத்த மழைக்கு, சீவல் நனைந்துவிடுமே என்று, தட்டையும் சேர்த்துப் பொட்டலம் கட்டிவிட்டார் மனுஷர்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனேன்.

"குனிங்க."

"எதுக்கு?"

"குனிங்கங்கேன். மூஞ்சிய இந்தத் தாட்பத்ரிக்குள்ள விடுங்க."

"கொட்டிரும்ட்டி."

"கொட்டட்டும். நான் சொல்லித்தான் மண்டையில ஏறல."

பின்பக்கமாகத் தலையை விட்டார். வெளியே எடுத்தபோது கண்ணாடி இரண்டு பக்கமும் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது. பனியனில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி தலையை விட்டார். மறுபடியும் வெள்ளை.

"கண்ணாடி பழசாயிட்டு" என்றார்.

கயிற்றை அவிழ்த்தார். எங்கிருந்தோ நாலு பழைய பைப் கொண்டுவந்து நிறுத்தி, தாட்பத்ரியைப் பெட்டிக்கு மேலே உயரத்தில் சரிவாகப் பந்தல்போல் கட்டினார். மழை விழவில்லை, காற்று ஓடியது. ஈரச் சீவலை மாற்றுவது என் வேலையாயிற்று.

மழை ஓய்ந்து வெயில் வந்ததும் பெட்டியைத் திறந்தேன். ஓரத்து அடைகள் எல்லாம் பூசணத்துக்குப் போய்விட்டன. நடு அடைகளில் தேனீக்கள் அப்பிக் கிடந்தன. முன்பிருந்ததில் பாதிகூட இராது. தேன் ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் போகவில்லை, இருந்தன.

"இருக்கா, போயிட்டா?" என்று படியிலிருந்தே கேட்டார்.

"இருக்கு. வந்து பாருங்க."

அன்று சாயங்காலம் லிஃப்டுக்குக் காத்து நின்ற எதிர்வீட்டுக்காரரிடம், "நான் போட்ட பந்தல்லதான் எல்லாம் பொழச்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பந்தலுக்கு முன்னால பொட்டலம் கட்டுனது யாருன்னும் சொல்லுங்க" என்றேன் நான்.

எதிர்வீட்டுக்காரர் லிஃப்டுக்கு நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.