படிக்கட்டுத் திருப்பத்தில் ஐந்து அடி

"இன்னொரு பேரு சேக்கணும், தலைவரே. கார்த்திகேசு. போன ஆகஸ்ட்ல தவறிட்டாரு. கட்டடக்கலைஞர்."

சீதாலெட்சுமி இதைச் சொன்னபோது செயற்குழுவில் யாரும் தலை நிமிரவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் கலை இரசிகர் சங்கத்தில் அவள் ஒன்பது ஆண்டுகளாக உறுப்பினர். கூட்டத்துக்கு வருவாள், கேட்பாள், போவாள். எதையும் எளிதில் பாராட்டாதவள் என்று அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதனாலேயே அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் கடைசி ஞாயிறு காலையில் அந்த ஆண்டு மறைந்த கலைஞர்களின் படங்களை மேடையில் வைத்து விளக்கேற்றுவார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒருவர் பத்து நிமிடம் பேசுவார். வெறும் பேச்சுக்கு மட்டும் அனுமதி கிடையாது. மறைந்தவர் செய்ததில் ஏதாவது ஒன்றைச் சபைக்குக் காட்டியே ஆக வேண்டும். நடிகர் என்றால் நடித்த காட்சி, இசைக்காரர் என்றால் பாட்டு. இந்த ஆண்டுக்கு இரண்டு பெயர்கள் முடிவாகியிருந்தன. ஒருவர் தொலைக்காட்சி நாடகங்களில் முப்பது ஆண்டுகள் இன்ஸ்பெக்டராகவே வந்த சின்னையா. மற்றவர் பரமேஸ்வரன். காஜாங்கிலிருந்து கிள்ளான் வரை அவருடைய இசைக்குழு வாசிக்காத கல்யாண மண்டபம் இல்லை.

"காட்றதுக்கு என்னக்கா இருக்கு?" என்றார் செயலாளர் இராமலிங்கம். "சிமெண்டு மூட்டையா? மேடை தாங்காது லா."

எல்லோரும் சிரித்தார்கள். சீதாலெட்சுமி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

தலைவர் சிவநேசன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். "அவரு பெரிய மனுசன்தான் சீத்தா. நீங்க அவருகிட்ட வேல பாத்தவங்க, பாசம் இருக்கும். ஆனா சனங்களுக்கு அவர தெரியணுமே. அடுத்த ஞாயிறு அழைப்பிதழ் அச்சுக்குப் போவுது. அதுக்குள்ள காட்றதுக்கு ஏதாவது கொண்டாங்க, பாப்போம்."

பாசம் என்ற சொல் அவளுக்கு உறுத்தியது. கார்த்திகேசுவிடம் அவள் பதினோரு ஆண்டுகள் வரைபடம் போட்டாள். அவர்மேல் பாசம் வந்ததாக நினைவில்லை. வாய்க் கடுமைக்காரர். அவள் எழுத்து சாய்ந்திருந்தால் தாளையே திருப்பி வீசுவார். யாழ்ப்பாணத் தமிழில் அவர் திட்டுவது பாதி புரியாது, அது ஒரு நன்மை. அவருடைய கட்டடங்களில் பல அவளுக்குப் பிடித்ததில்லை. பிறகு ஏன் இந்தப் பிடிவாதம் என்று வீட்டுக்கு நடக்கும்போது தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒரே ஒரு கோடுதான் காரணம்.

அவளுடைய அப்பா கன்னையா ரயில்வேயில் வேலை பார்த்தவர். தொண்ணூற்றொன்றில் இறந்தார். அப்போது அவர்கள் இருந்தது ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில், லிஃப்ட் இல்லாத வீடு. படிக்கட்டு ஒவ்வொரு மாடிக்கும் நடுவில் ஒருமுறை திரும்பும். அந்த இடத்தில் சவப்பெட்டியைத் திருப்ப முடியவில்லை. கீழே இறக்க வேண்டுமானால் நிமிர்த்தித்தான் ஆக வேண்டும். நிமிர்த்தினார்கள். உள்ளே அப்பா சரிந்து காலில் இறங்கும் சத்தம் கேட்டது. நான்கு மாடிக்கு நான்கு முறை கேட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போனவளிடம் கார்த்திகேசு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கிள்ளானில் கட்டவிருந்த இரண்டு பிளாக் அடுக்குமாடியின் படிக்கட்டுத் தாளை அவள் முன் வைத்தார். அவள் ஸ்கேலை வைத்தாள். கோடு போடவில்லை. "சார், இந்த லேண்டிங்ல பெட்டி திரும்பாது. எங்கப்பாவ நிக்க வச்சுதான் எறக்குனாங்க" என்று தாளைப் பார்த்தே சொன்னாள். அவர் தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். மறுநாள் காலை அவள் மேசையில் அதே தாள் கிடந்தது. படி திரும்பும் தளத்தின் மூன்றரை அடியை அடித்துவிட்டு, பென்சிலால் ஐந்து அடி என்று போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு வரி: எல்லா மாடிக்கும், இரண்டு பிளாக்குக்கும், திரும்ப வரையவும்.

ஒவ்வொரு மாடியிலும் ஒன்றரை அடி இடம் போகிறதே என்று கட்டடம் எழுப்பிய நிறுவனம் கடிதம் மேல் கடிதம் போட்டது அவளுக்குத் தெரியும். அறைக்குள் அவர் தொலைபேசியில் கத்தியதும் தெரியும். அதற்குள் அவளுக்குப் பிரசவம் வந்தது, வேலையை விட்டாள். கோடு கட்டடத்தில் நின்றதா, அழிந்ததா என்பது மட்டும் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவள் அங்கே போய்ப் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைச் சபையில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினாள். சுபாங் ஜெயாவில் கல்லூரிப் பிள்ளைகள் இறங்கிய பிறகு உட்கார இடம் கிடைத்தது. கிள்ளானில் இறங்கி ஆற்றைத் தாண்டினாள். இரண்டு பிளாக்குகளும் நின்றன, மஞ்சள் வண்ணம் பூசி, துணி காய்ந்துகொண்டு.

முதல் பிளாக்கின் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மண்டியிட்டு நாடாவை இழுத்தாள். ஐந்து அடி. தன்னையறியாமல் இன்னொரு முறை இழுத்தாள். அரை அங்குலம் கூடவே இருந்தது.

"மஜ்லிஸ்லேருந்தா வறீங்க? கூரை ஒழுகுறதுக்குன்னா மேல போங்க. ரெண்டு வருசமா எழுதிப் போடுறோம்."

படியில் ஒரு பெண் காய்கறிப் பையோடு நின்றாள். ஐம்பது வயதிருக்கும். குமுதா என்று பெயர், கடைசி மாடியான நான்காவதில் வீடு.

"நான் நகராண்மைக் கழகத்து ஆளு இல்லம்மா. இத வரஞ்சவ."

"அப்ப கூரைய வரஞ்சது யாரு?"

"எங்க சார்தான். தட்டைக் கூரைன்னா அவருக்கு உயிரு. மழையப் பத்தி யோசிக்க மாட்டாரு."

"நல்ல சார் போங்க" என்று குமுதா பையை இறக்கி வைத்தாள். "இங்க என்ன அளக்குறீங்க?"

சீதாலெட்சுமி சொன்னாள். குமுதா அந்தத் திருப்பத்தைக் கையால் காட்டினாள்.

"எங்க வீட்டுக்காரர மூணு வருசத்துக்கு முன்ன இது வழியாத்தான் எறக்குனோம். படுத்த மாதிரியே போனாரு. அது இந்த எடம் அகலமா இருக்கறதாலன்னு தோணினதில்ல. பக்கத்து பிளாக்ல நிக்க வச்சுதான் எறக்குவாங்க. எதுக்குன்னு நாங்க கேட்டதில்ல."

சீதாலெட்சுமி இரண்டாவது பிளாக்குக்கு நடந்தாள். நாடாவை விரிக்கும் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றரை அடி. நடுவில் யாரோ அவருடைய கோட்டை அழித்திருக்கிறார்கள். அல்லது ஒரு பிளாக்கை விட்டுக்கொடுத்து இன்னொன்றைக் காப்பாற்றினாரோ என்னவோ, கேட்க ஆள் இல்லை. அவள் இரண்டு அளவுகளையும் தாளில் குறித்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தாள். முழு வெற்றி என்றால் பேசுவது எளிதாக இருந்திருக்கும். எளிதாக இருப்பதற்காக உண்மை தன் அளவை மாற்றிக்கொள்ளாது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, சங்க மண்டபத்துத் தரையில் மாஸ்கிங் டேப்பால் கோடு போட்டாள். இடப்பக்கம் ஒரு படிக்கட்டு, வலப்பக்கம் ஒன்று, அசல் அளவில். ஏறும் படியும் இறங்கும் படியும் மூன்றரை அடி அகலம். நடுவில் தடுப்புச் சுவருக்கு நாற்காலிகளை நெருக்கி வைத்தாள். திரும்பும் தளம் வலப்பக்கம் ஐந்து அடி, இடப்பக்கம் மூன்றரை.

"என்னக்கா, பிள்ளைங்க வெளாடற நொண்டிக் கட்டமா?" என்றார் இராமலிங்கம்.

"அந்த ஆறடி மேசையோட கால மடக்கிட்டு ஒரு பக்கம் புடிங்க. தலைவரே, நீங்க அந்தப் பக்கம். கோட்டுக்கு வெளிய கால் வைக்கக் கூடாது. மேசைய சாய்க்கவும் கூடாது. இடப்பக்கம் போங்க."

இருவரும் தூக்கினார்கள். சிவநேசன் முன்னால் பின்நடையாக நடந்தார். திருப்பத்தில் மேசையின் ஒரு மூலை கோட்டைத் தாண்டியது, இன்னொரு மூலை நாற்காலியில் முட்டியது. பின்னால் போனார்கள், மறுபடி வந்தார்கள். முட்டியது.

"இது மேசை. பெட்டி இன்னும் அரை அடி நீளம்" என்றாள் சீதாலெட்சுமி.

"நிமித்திட்டா போயிரும்" என்று சொல்லிக்கொண்டே இராமலிங்கம் தன் பக்கத்தைத் தரையில் ஊன்றி மேசையை நேராக நிமிர்த்தினார். நிமிர்ந்த மேசை அவர் உயரத்துக்கு நின்றது. அவர் அதைப் பிடித்தபடியே நின்றார். சிரிக்கவில்லை.

"எங்கம்மாவ எறக்கறப்ப நான் கால் பக்கம் புடிச்சேன்" என்றார். "மொத்தக் கனமும் என் கையிக்கு வந்துச்சு."

சிவநேசன் தன் பக்கத்தை மறுபடி பிடித்தார். "வலப்பக்கம் போவோம்" என்றார். ஐந்து அடித் திருப்பத்தில் மேசை படுத்தவாக்கில் சுற்றி வந்தது. எங்கும் தொடவில்லை.

மேசையை இறக்கி வைத்துவிட்டு சிவநேசன் பட்டியலில் மூன்றாவது பெயரை எழுதினார். அளந்துவந்த தாளை வாங்கிப் படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சீத்தா, ஒரு பிளாக்க பத்தி மட்டும் பேசுவோமே. மத்தது, கூரை ஒழுகுறது, இதெல்லாம் அஞ்சலியில எதுக்கு? அவரு குடும்பமும் வரும்."

"சின்னையா அண்ணன் ஒரே மாதிரி நடிச்சாருன்னு எல்லாருக்கும் தெரியும், சொல்ல மாட்டோம். அது உங்க வழக்கம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இவர பத்தி யாருக்கும் எதுவும் தெரியாது. நான் சொல்றதுதான் மொத்தமும். பாதிய சொன்னா அது வேற ஆளு."

"குடும்பம் வருத்தப்பட்டா?"

"பேர அடிச்சிருங்க, தலைவரே. வேணாம்."

அவர் பேனாவை எடுத்தார். வைத்தார். "உங்கள வச்சுக்கிட்டு..." என்று தொடங்கி, முடிக்காமல் பட்டியலை இராமலிங்கத்திடம் கொடுத்தார். "அச்சுக்கு அனுப்பு."

டிசம்பர் கடைசி ஞாயிறு. சின்னையா ஒரு திருடனை வாகனத்தில் ஏற்றும் காட்சியைக் காட்டினார்கள். பரமேஸ்வரனின் குழுவில் மிஞ்சியிருந்த இருவர் வாசித்தார்கள். மூன்றாவதாக இராமலிங்கமே தரையில் டேப் ஒட்டி, முன்வரிசையிலிருந்து நான்கு பேரை அழைத்தார். மேசை முட்டியது, நிமிர்ந்தது. பக்கத்துத் திருப்பத்தில் படுத்தபடி போனது. பிறகு சீதாலெட்சுமி பேசினாள்.

"கார்த்திகேசு சார் கோபக்காரர். அவர் கட்டின தட்டைக் கூரைகள் ஒழுகும். அவரிடம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் அப்பாவை நிற்க வைத்து இறக்கினார்கள் என்று கேட்டு, ஒரு கோட்டை ஒன்றரை அடி தள்ளிப் போட்டார். அந்தப் பெண் நான். ஒரு பிளாக்கில் அந்தக் கோடு நின்றது. இன்னொன்றில் நிற்கவில்லை. நின்ற பிளாக்கில் இருபது வீடுகள். அங்கே செத்தவர்கள் யாரையும் நிமிர்த்தவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்."

பத்து நிமிடத்தில் நான்கைத்தான் எடுத்துக்கொண்டாள். அவள் இறங்கியபோது கார்த்திகேசுவின் மனைவி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"கோவக்காரர் எண்டதை இன்னும் கொஞ்சம் வடிவாச் சொல்லியிருக்கலாம், பிள்ளை" என்றார். "வீட்டிலை அதைவிட மோசம்."

பின்வரிசையில் குமுதா நின்றிருந்தாள், சீதாலெட்சுமி அனுப்பிய அழைப்பிதழைப் பார்த்துக் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தவள். படத்துக்குப் பூ போட்டுவிட்டு வந்து சீதாலெட்சுமியின் பக்கத்தில் நின்றாள்.

"கூரைய சொன்னீங்க பாருங்க, அது சரிக்கா" என்றாள். "சாப்பாட்டுக்கு நிக்கல. வானம் இருட்டுது, போயி வாளி வைக்கணும்."