வீங்கிய கன்னமும் வாசலை மறித்த காரும்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் காலையில் கிளினிக்குக்குக் கிளம்பினேன். கேட்டைத் திறந்தால் குறுக்கே ஒரு வெள்ளைக் கார்.

சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே பாசார். அதனால் சந்தைக்கு வருகிறவர்கள் எங்கள் வாசலில் காரை விட்டுப் போவது புதிதில்லை. வழக்கமாக நான் போடும் சத்தத்தில் தெருவே எட்டிப் பார்க்கும்.

இன்று கன்னம் வீங்கி வாயைத் திறக்கவே முடியவில்லை. என் காரில் ஏறி ஹாரனை மட்டும் அடித்தேன்.

மீன் பையோடு ஒருவர் ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி.

"சாரிமா, அஞ்சு நிமிஷம்தான் லா..."

நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "ம்ம்ம்" என்றேன்.

அந்த அக்கா கணவர் பக்கம் திரும்பினார். "பாருங்க, அந்தப் பொண்ணு பல்லு வலியில துடிக்குது! வீட்டு முன்னுக்குப் போடாதீங்கன்னு அப்பவே சொன்னேன்தானே? சொன்னா கேக்கணும் லா! மொதல்ல காடிய எடுங்க!"

அவர் பதற்றத்தில் சாவியைத் தேடி மீன் பைக்குள் கையை விட்டார். அக்கா மறுபடியும் ஆரம்பித்தார். நான் மனதில் வைத்திருந்ததையெல்லாம் சொல்லி, எனக்குத் தோன்றாததையும் சேர்த்துக்கொண்டார்.

எனக்கே பாவமாகிவிட்டது. "பவ்வாயில்லக்கா, வுடுங்க" என்று குழறி அந்தக் கணவருக்காகப் பரிந்து பேசினேன்.

நேரத்துக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. இப்போது வாய் நிறையப் பஞ்சு. சாயங்காலம் வரை பேசக் கூடாதாம்.

ஆகவே, என் வாசலில் கார் நிறுத்த ஆசைப்படுகிறவர்கள் இன்று தாராளமாக வரலாம். ஆனால் காலையில் கிளம்பும்முன் அந்த அக்காவின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் வாசலுக்கும் தேவைப்பட்டால் சொல்லுங்கள், அக்காவைக் கேட்டுப் பார்க்கிறேன்.