வாசலில் இருக்க வேண்டிய சீனப் பெயர்

காலனி ஆட்சிக் கால ஹாங்காங்கில் ஒரு விதி. பிரிட்டிஷ் வணிகக் கம்பெனி தனக்கொரு சீனப் பெயர் வைத்துக்கொண்டால், அதை வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும்.

அப்படியொரு கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில், விதிகளைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தபோது நான் மனப்பாடம் செய்த முதல் விதி அது. லண்டனில் அது செல்லாது என்பதையும் சேர்த்தே படித்தேன்.

எங்கள் கம்பெனிக்குச் சீனப் பெயரைத் தேர்ந்தெடுத்து, தூரிகையால் பலகையில் எழுதியவர் ஹாங்காங் கிளையின் சீனக் குமாஸ்தா. அவர் மகன் லாம், லண்டன் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரராக இருந்தவர். காலனி சீனாவுக்குக் கைமாறியபோது பலகை லண்டனுக்கு வந்து வரவேற்பறையில் தொங்கியது. பிறகு கம்பெனியும் கைமாறியது. புதிய முதலாளிகளுக்குச் சீனப் பெயர் எதற்கு? பலகை பேஸ்மென்டுக்குப் போனது.

நாங்கள் இருவரும் ஓய்வுபெற்று வெகுநாளான பின், போன இலையுதிர் காலத்தில் லாம் போன் செய்தார்.

"என் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அப்பா எழுதியதில் மிஞ்சியிருப்பது அந்தப் பலகைதான். ஒரு தடவை பார்க்க வேண்டும்."

முறைப்படி கடிதம் எழுதினேன். கட்டடப் பிரிவு அதைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளியது. சட்டப் பிரிவு என்னையே கேட்டது — அந்தச் சீனப் பெயர் எங்களுடையதுதானா?

ஆமென்று, ஆதாரத்தோடு எழுதினேன். பிறகு மௌனம்...

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டில் நான் தினமும் தபாலுக்குக் காத்திருப்பதைப் பார்த்து மனைவிக்குச் சலித்துவிட்டது.

"இஞ்சருங்கோ, கடிதம் எழுதிக்கொண்டு இருக்கிறதைவிட அந்த மனுசனைக் கூட்டிக்கொண்டு நேரை போனால் என்ன?"

"ஏலாது. எழுத்தில அனுமதி இல்லாமல் பேஸ்மென்டுக்கு ஒருத்தரையும் விடமாட்டினம்."

"இவ்வளவு காலம் அங்கை வேலை செய்த உங்களையுமோ?"

"ஓம். அந்த விதியை எழுதினதே நான்தான்."

"அப்ப நல்லாய் இருந்து அனுபவியுங்கோ."

கிறிஸ்துமஸுக்கு லாம் பேப்பரில் தலைப்புகளை மட்டும் படித்தார். பனி உருகியபோது அதுவும் இல்லை. போனில் மட்டும் ஒவ்வொரு முறையும் அதே கேள்வி: "ஏதாவது வந்ததா?"

கடைசியில் வந்தது. நல்ல தாள், மரியாதையான ஆங்கிலம். பலகையைத் துடைத்து வரவேற்பறையில் வைத்திருக்கிறார்களாம், திரு. லாம் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமாம்.

பதில் வந்த நாள் — லாமுக்கு வெள்ளைக்கோல் கொடுத்த அதே வியாழக்கிழமை.