விமானம் வராத வானொலி நாடகம்

தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோ நகரில் பொலிதேயாமா அரங்குக்கு அருகே ஒரு மண்டபத்தில் துப்புரவு வேலை செய்தேன். அங்கே வயதான ஆங்கிலேயர் சிலர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தங்கள் நாட்டு வானொலியில் கேட்ட வேடிக்கை நாடகங்களை ஒரு மாலை நடித்துக்காட்டினார்கள். நாடகத்துக்கு வேண்டிய ஒலிகளை எழுப்பியவர் காது பெருத்த, மெலிந்த கிழவர். ஒவ்வொரு ஒலிக்கும் முன்னால் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒத்திகையில் அவர் மேளத்தோலை விரலால் தேய்த்து விமான இரைச்சலை எழுப்பியபோது, நான் மேசைக்கடியில் புகுந்துவிட்டேன்.

அவர் குனிந்து, "உங்கள் ஊரில் இப்படி வருமா?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார்.

"ஓம் சிஞ்ஞோரே, யாழ்ப்பாணத்திலை இப்பவும் வருது. அம்மா அங்கைதான் இருக்கிறா."

அவர் மேளத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

நாடகத்தன்று நடிகை, "விமானம் வருகிறது" என்றதும் அவர் தகரத்தட்டில் அரிசியைச் சொரிந்தார். மழை பெய்தது. நடிகை திகைத்து, "குடையை எடுங்கள்" என்றாள். மண்டபமே சிரித்தது. அவர் என்னைப் பார்த்து, இன்னொரு பிடி அரிசியைச் சொரிந்தார். மழை ஓயும்வரை நான் கதவோரம் நின்று கேட்டேன்.